அப்பாவும் நானும் பிரேக்கில் காற்று எடுத்த நாள்

ராபின் மக்களே,

நேற்று சாயங்காலம் நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "அவளே மொதல்ல பேசட்டும்மா, நான் எதுக்கு எறங்கிப் போவணும்?" என்று கேட்டாய். பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு பார்த்தால் இது உனக்குச் சின்னப் பிணக்காகத் தெரியலாம். இங்கே கரமனையில் எனக்கு அப்படித் தெரியவில்லை. சபையில் உங்கள் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. போன ஞாயிறு ஐயர் எழுந்து உன் பெயரையும் ஷைனியின் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்டபோது நான் ஐயரைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஷைனியைத்தான் பார்த்தேன். குனிந்த தலையோடு பாட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றுவிடுவாளோ என்று, ஐயர் உட்காரும்வரை அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குப் பிறகு அவளுக்கும் பேச இடமில்லை, உனக்கும் இல்லை.

போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் கல்யாண ஒப்பந்தம் பேச உட்கார்ந்த அன்று நானும் அங்கே இருந்தேன், மறந்துவிடாதே. கல்யாணத்துக்குப் பிறகு மகள் ஆஸ்பத்திரி லேப் வேலையைத் தொடரலாமா என்று அவள் அப்பா உன்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். தொடரலாம், நானே திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வாங்கி வருகிறேன் என்று நீ ஷைனிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய மாமன்மார் சுற்றி உட்கார்ந்திருந்ததும் உனக்கு என்ன ஆனதோ, காலை ஆட்டிக்கொண்டே "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம், பொம்பள சம்பாதிச்சா குடும்பம் நடக்கணும்?" என்றாய். ஆண்கள் சிரித்தார்கள். ஷைனி காப்பித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் உன்னைப் பார்த்தாள், நீ அவளைப் பார்க்கவில்லை. அன்றோடு அவள் பேச்சு நின்றது. நீ அதை வீம்பு என்கிறாய். பேசாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் மக்களே. நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

நீ பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம் நானும் அப்பாவும் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உனக்கு நினைவிருக்கும். ஒரே அறையும் அடுக்களையும் உள்ள வீட்டில் நீதான் எங்களுக்கு நடுவில் ஓடினாய். "அப்பாட்ட சொல்லு, மண்ணெண்ணெய் தீந்துபோச்சு." "அம்மாட்ட சொல்லு, நாளைக்கு வெள்ளனே போவணும்." இரண்டு பேருக்கும் காது கேட்கும், இருந்தாலும் நீ சொல்ல வேண்டும். ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எனக்கு நாக்கு வலிக்கு, நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லி வெளியே போய்விட்டாய். அன்றைக்கும் நாங்கள் பேசவில்லை. காரணம் என்னவென்று நீ கேட்டபோதெல்லாம் "பெரியவங்க காரியம்" என்று தள்ளிவிட்டேன். இப்போது நீயே பெரியவன்.

காரணம் உன் தாத்தாவின் சாவு. நாகர்கோவிலில் என்னைப் பெற்ற அப்பச்சன் படுக்கையில் விழுந்த பிறகு, நான் போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: "மருமவன வரச் சொல்லு. அவன்ட்ட ஒரு காரியம் பேசணும்." என்ன காரியம் என்று கேட்டால் சொல்ல மாட்டார். "அவன்ட்டதான் சொல்லணும்" என்பார். நான் வந்து அப்பாவிடம் சொல்வேன். அவர் அடுத்த வாரம் போகிறேன் என்பார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ரிசார்ட்டில் டிரைவர் வேலை, கையிலே ஜீப், சீசன் நேரம். நான் நம்பினேன். அப்பச்சன் இறந்த காலையில் அப்பா விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு தேக்கடிக்குப் போயிருந்தார். எதிர்வீட்டு எஸ்டிடி பூத்திலிருந்து ரிசார்ட்டுக்குச் சொல்லி, ரிசார்ட்டிலிருந்து அங்கே தகவல் போனது. நாகர்கோவிலுக்கு வந்துவிடுவார் என்று சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். அண்ணன்மார் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஐயர், "இனி தாமதிக்க முடியாதம்மா" என்றார். மூடினோம். அப்பா வந்தது அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். வாசலில் நின்று "லீவு கெடைக்கல்ல" என்றார், அவ்வளவுதான். அழவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை, கல்லறைக்கும் போகவில்லை. அன்றைக்கு என் வாய் மூடியது.

நான் அப்போது அதே ரிசார்ட்டில் லாண்டரியில் இருந்தேன். கோவளத்துக்குத் தெற்கே, கடலுக்கு மேல் செம்மண் குன்றில் இருந்த இடம். ஒருதடவை நீயும் வந்திருக்கிறாய். அங்கே யாருக்கும் எங்கள் சங்கதி தெரியாது. பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் இருக்கையில், அவர் பின்னால். இறங்கினால் நான் லாண்டரிக்கு, அவர் ஷெட்டுக்கு. வேலை செய்கிற இடத்தில் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் அடக்கமானவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த ரிசார்ட்டில் நாலு சக்கர பைக் இரண்டு இருந்தது. ஜீப்பும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. தடித்த டயர் நாலு, நடுவில் குதிரைமேல் உட்காருவதுபோல் ஒரு இருக்கை, பிடிக்க ஹேண்டில்பார். விருந்தாளிகள் அதில் குன்றின் மேலிருந்து கீழே கடற்கரை வரை செம்மண் பாதையில் ஓட்டிப்போவார்கள். பாதை நடுவில் ஒரு வளைவு. வளைவில் திரும்பாவிட்டால் நேரே பாறையும் கடலும். மூங்கிலில் ஒரு வேலி கட்டியிருந்தார்கள். அது ஆட்டைத் தடுக்கும், வண்டியைத் தடுக்காது.

டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சிவப்பு வண்டியின் முன் பிரேக் சரியில்லை என்று முந்தின நாள் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். கையால் பிடிக்கிற லீவர், பிடித்தால் கெட்டியாக நிற்பதற்குப் பதில் நனைந்த பஞ்சை அமுக்குவதுபோல் ஹேண்டில் வரை போய்விடுகிறது. மதியம் ஒரு கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், பிள்ளைகளும் உண்டு, இரண்டு வண்டியும் வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அதை எடுத்தால் போதும் என்று அப்பா மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மற்ற டிரைவர் விமானநிலையத்துக்குப் போயிருந்தார். மேனேஜர் லாண்டரி வாசலில் வந்து நின்று, "சேச்சி, அண்ணாச்சிக்கு ஒந்நு கை சகாயம் செய்யணே. லீவர் பிடிச்சா மதி" என்றார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதுமாம். முடியாது என்று எப்படிச் சொல்வது? மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்பை வைத்துவிட்டு நடந்தேன். ஷெட்டில் என்னைக் கண்டதும் அப்பாவின் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கையைக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

வேலை இவ்வளவுதான் மக்களே. ஹேண்டிலில் ஒரு சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் இருக்கும். லீவரைப் பிடித்தால் அந்த ஆயில் குழாய் வழியாக முன் சக்கரங்களுக்குப் போய்த் தகட்டை இறுக்கும். ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது, அதனால் பிரேக் கெட்டியாக நிற்கும். நடுவில் காற்று இருந்தால் காற்றுதான் சுருங்கும், சக்கரம் நிற்காது. ஒவ்வொரு சக்கரத்திலும் காலிபர் என்ற ஒரு இரும்புக் கட்டி, அதில் நிப்பிள் என்று ஒரு சிறு திருகு. அதில் கண்ணாடிபோன்ற ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் விட்டிருப்பார்கள். ஒரு ஆள் லீவரை நாலைந்து தடவை அமுக்கி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். மற்ற ஆள் கீழே நிப்பிளைத் திறக்க வேண்டும். காற்று குமிழி குமிழியாக ஆயிலோடு வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விடலாம். திறந்திருக்கும்போது விட்டுவிட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும், செய்ததெல்லாம் வீண். அதனால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே செய்ய வேண்டும்.

"அமுக்கு" என்றார். அமுக்கினேன். "பிடி" என்றார். பிடித்தேன். ஆனால் பிடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் மண்ணில் படுத்துக் கிடக்கிறார், அவருக்கு என் கை தெரியாது. ஒரு கணம் பொறுத்துத் திறந்தார். அதற்குள் நான் விரலைத் தளர்த்திவிட்டேன். குழாயில் குமிழி வெளியே போவதற்குப் பதில் உள்ளே ஏறியது. மூடினார். மறுபடி "அமுக்கு, பிடி" என்றார். மறுபடியும் நான் வாயைத் திறக்கவில்லை, மறுபடியும் தப்பிப்போனது. மூன்றாவது தடவை அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கை வரை ஆயில், நெற்றியில் செம்மண். என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்: "வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபத்தில் கண் நிறைந்தது. மூன்று மாதமாக நான் காத்திருந்ததும் அதற்குத்தானே, அவர் வாயைத் திறந்து எதையாவது சொல்லட்டும் என்று. இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் வரப்போகிற பிள்ளைகள் இதே இருக்கையில் உட்காருவார்கள். லீவரை அமுக்கினேன், இறுக்கினேன். "பிடிச்சிருக்கேன்" என்றேன். அப்பச்சன் போனபிறகு அப்பாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் சட்டென்று திறக்கவில்லை. பிறகுதான் ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. அமுக்கு, பிடி, பிடிச்சிருக்கேன், விடு. டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றினோம். இரண்டு சக்கரத்திலும் குமிழி வருவது நின்றது. என் கை மரத்துப்போயிருந்தது. மேனேஜர் வந்தார், பின்னாலேயே முதலாளியின் போன் வந்துகொண்டிருந்தது. லீவரை நாலு தடவை மளமளவென்று அமுக்கிப் பார்த்தார், கெட்டியாக நின்றது. "ஓகே அல்லே அண்ணாச்சி?" என்றார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். தலையாட்டப் போகிறார். ஆனால் அந்த லீவர் இவ்வளவு நேரமும் என் கையில் இருந்தது. முதல் தடவை அமுக்கினால் அது இன்னும் ஹேண்டில் வரை போகிறது. மூன்றாவது நாலாவது தடவையில்தான் கெட்டியாகிறது. வளைவில் எவன் நாலு தடவை அமுக்கிக்கொண்டிருப்பான்?

"இது சரியாவல்ல. குடுக்காதீங்க" என்றேன்.

மேனேஜர் திரும்பினார். அப்பா, "நீ சும்மா இரி. ஒனக்கு இதுல என்ன தெரியும்?" என்றார். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் மேலே ஒரு ஆள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். "காலில் சவிட்டுந்ந பிரேக் உண்டல்லோ சேச்சி, பின்னில்" என்றார். பின்னால் காலால் மிதிக்கிற பிரேக் இருக்கிறதுதான். அந்தச் சரிவில் அது மட்டும் போதுமென்றால் முன்னால் எதற்கு வைத்தார்கள்? எழுந்து அந்தப் பக்கம் நின்ற பச்சை வண்டியிடம் போய் அதன் லீவரை ஒரே ஒரு தடவை அமுக்கினேன். பாதி தூரத்திலேயே கல்போல நின்றது. "இஞ்ச வந்து இத அமுக்கிப் பாருங்க. பொறவு அத அமுக்குங்க" என்றேன். அப்பா அசையவில்லை. மேனேஜர்தான் வந்து அமுக்கினார். பிறகு சிவப்பு வண்டிக்குப் போய், இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு முறை அமுக்கினார். அவர் முகம் மாறியது. "அரை மணிக்கூர், அண்ணாச்சி. அதில் கூடுதல் என்னால பிடிச்சு நிறுத்தான் பற்றில்லா", அதற்கு மேல் விருந்தாளிகளைத் தன்னால் நிறுத்திவைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா என்மேல் எரிந்துவிழுவார் என்று நினைத்தேன். அவர் ஆயில் டப்பாவைத் திறந்தார், மூடினார். குழாய் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார், கசிவு இல்லை. தகட்டை இறுக்கிப் பிடிக்கிற பேடு தேயவில்லை. ஆயில் புதிது. "எல்லாம் சரியாத்தான இருக்கு, சவம்" என்று வண்டியைத் திட்டி முனகினார். நான் பச்சை வண்டியின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு அதன் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வண்டியைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறவளுக்கு, ஒன்றுபோல இருக்க வேண்டியவை ஒன்றுபோல இல்லாவிட்டால் கண்ணில் குத்தும். பச்சை வண்டியில் நிப்பிள் மேலே பார்த்து இருந்தது. சிவப்பு வண்டியில் அவர் நிப்பிளைத் திறக்க மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்ததே!

"இதுல அந்தத் திருகு மேல இருக்கு. அதுல எதுக்குக் கீழ இருக்கு?"

அப்பா திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து பச்சை வண்டியின் சக்கரத்துக்குள் பார்த்தார். திரும்பிப் போய்ச் சிவப்பில் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். அப்படியே சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்" என்றார். "போன வாரம் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். திருப்பிப் போடும்போ எடது காலிபர வலது பக்கம், வலத எடது பக்கம் மாட்டிட்டேன். காத்து மேலதான நிக்கும். நிப்பிள் கீழ கெடந்தா நூறு வட்டம் எடுத்தாலும் அது வராது." ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டே, "புத்தி எங்கயோ இருந்துது" என்றார். எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு காலிபரையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். போல்ட் இரண்டு தடவை கீழே விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது நிப்பிள் மேலே. மறுபடி குழாய், பாட்டில். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"அமுக்கு."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தார். குழாயில் வெள்ளை வெள்ளையாகக் குமிழி பொங்கிக்கொண்டு வந்தது, இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"எனக்கு லீவு தந்தாவ."

"என்னது?"

"மாமா செத்தப்ப. வேற டிரைவர அனுப்புகேன், நீ நேரா நாகர்கோவிலுக்குப் போன்னு மேனேஜர் போன்ல சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

என் விரல்கள் தளர்ந்தன. "விடாத!" என்று கத்தினார். "தொறந்து கெடக்கு, விடாத!" இரண்டு கையாலும் லீவரை இறுக்கிப் பிடித்தேன். கை மட்டும் அங்கே இருந்தது. மற்றதெல்லாம் மூடாத சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றது. அவர் நிப்பிளை மூடினார். "விடு" என்றார்.

"விட மாட்டேன். சொல்லி முடிங்க."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "அவரு எத்தன தடவ ஆளனுப்பினாரு. என்ன கேக்கப் போறாரோன்னு பயம். ஒன்ன வேலைக்கு அனுப்பி, ஒரு முறி, ஒரு அடுக்களை வீட்டுல வச்சிருக்கேன், அதக் கேப்பாரோன்னு நெனச்சேன். இன்னொரு வாரம் போட்டும், இன்னொரு வாரம் போட்டும்னு தள்ளினேன். பொறவு செத்துட்டாருன்னு தாக்கல் வந்துது. உசிரோட இருக்கும்போ போவாதவன் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் பொணத்துக்கிட்ட வருவேன்? வண்டிய விட்டு எறங்க முடியல்லட்டி. மூணு நாளும் தேக்கடிலயே விருந்தாளிகளக் கொண்டு நடந்து மானைக் காட்டினேன், யானையக் காட்டினேன்."

மக்களே, நான் அவரை அந்த இடத்தில் மன்னித்துவிட்டேன் என்று நீ நினைக்காதே. கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். லீவு கிடைக்கவில்லை என்ற பொய்யோடு அண்ணன்மார் முன்னால் நான் தலைகுனிந்து நின்றது எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதமும் இவர் மனசு கல் என்று நினைத்திருந்தேன். கல் இல்லை, பயம். பயந்த ஆளோடு சண்டை போடலாம், கல்லோடு முடியாது. "பேரப்பிள்ள எப்படிப் படிக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டாரோ என்னவோ" என்றேன். லீவரை விட்டேன். "அமுக்கவா?" என்று கேட்டேன். "அமுக்கு" என்றார்.

குமிழி நின்றது. ஒரே அமுக்கில் லீவர் பாதியிலேயே கெட்டியாக நின்றது. சிந்திய ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். முதலில் ஷெட்டின் முன்னால் சமதரையில் நாலைந்து தடவை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தார். பிறகு சரிவில் இறக்கிப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. மேனேஜரும் வந்து நின்றார். அப்பா என்னைப் பார்த்து "நீ இங்கயே நில்லு" என்றார், இறங்கினார். முதல் இறக்கத்தில் பிடித்தார், நின்றது. மறுபடி விட்டார், வேகம் எடுத்தது, வளைவை நெருங்கும்போது தென்னை மறைத்துவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு மண்ணில் டயர் இழுபடும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. கடல் மட்டும் இரைந்தது.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. மேனேஜர் பின்னால் "சேச்சி, பதுக்கே!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். அப்பா போய்ச்சேர்ந்திருந்தால் நான் கடைசியாக அவரிடம் சொன்ன சொல் 'பிடிச்சிருக்கேன்' என்பதாக இருக்கும் என்று ஓடும்போதே தோன்றியது. வளைவில் திரும்பினேன். மூங்கில் வேலிக்கு ஒரு ஆள் தூரம் இப்புறம் வண்டி நின்றிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அப்பா ஹேண்டில்மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. என் காலடி கேட்டு நிமிர்ந்தார். "நின்னுது" என்றார். பிறகு, "நாகர்கோவிலுக்குப் போவோமா?" என்றார்.

கம்பெனிக்காரர்கள் வருகிற நாளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லீவு கேட்டால் எந்த மேனேஜர் தருவார்? அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். "போயிட்டு வா" என்று தமிழிலேயே சொன்னார். ஆயில் நாற்றத்தோடு பஸ் ஏறினோம். கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அப்பச்சனுக்கு அப்போது கல் எழுப்பவில்லை, மண்மேடுதான், மேலே ஒரு மரச்சிலுவை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில், ஒரு ஆளின் கட்டில் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். "மாமா, பிந்திட்டேன்" என்றார். மண்மேட்டில் கையை வைத்து, "சொல்லுங்க" என்றார். வெகுநேரம் அப்படியே குனிந்து காத்துக்கொண்டிருந்தார். யார் என்ன சொல்ல முடியும்? அப்பச்சன் பேச வைத்திருந்த காரியம் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா அதை நினைக்காத நாள் கிடையாது. அன்று நாங்கள் வீடு திரும்பியபோது நீ பசியோடு வாசலில் நின்று, எங்கே போனீர்கள் என்று கேட்டாய். ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். இப்போது தெரிந்துகொள்.

ஒரு குடும்பத்தில் யார் இறங்கிப் போவது என்று கேட்டாயே. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஷைனியின் அப்பா உயிரோடு இருக்கிறார். காது கேட்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்வார். அவர் முன்னால் நீ சொன்னதை அவர் முன்னாலேயே மாற்றிச் சொல்லலாம். போனில் அவளிடம் மட்டும் 'சாரி' என்று சொல்லி முடித்துக்கொள்ளப் பார்க்காதே. வாக்கு உடைந்தது பத்துப் பேர் நடுவில். மாமன்மார் சிரிக்கட்டும். சிரித்தால் என்ன? நீ வெட்கப்படுவாய் என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவின் இரத்தம்தானே. வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு போ. அது சுமக்க முடியாத பாரம் இல்லை. ஒருவேளை நீ சொன்ன பிறகும் அவள் மனசு மாறவில்லை என்றால், அதையும் நின்று கேட்டுவிட்டு வா. மூன்றாவது ஓலைக்கு முன்னால் அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும். சனிக்கிழமை காலை எர்ணாகுளத்திலிருந்து வண்டி இருக்கிறது. அதில் ஏறு. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் கரமனைக்கு வராதே, பாலராமபுரம் பஸ்ஸைப் பிடித்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போ. நம்ம வீட்டுக்கு அப்புறம் வா.

அம்மா